பட்டா நிலத்தில் மரம் வெட்டி விற்றவர்கள் இருக்கிறீர்களா?

நண்பர்களுக்கு வணக்கம். புதுக்கோட்டை பக்கம் எங்கள் ஊரில் எல்லாரும் ஒன்றிரண்டு ஏக்கர்காரர்கள்தான். வரப்போரம் தேக்கு, மகோகனி, ஓரமாகக் கொஞ்சம் சந்தனம் வைக்கச் சொல்லிப் பேசி வருகிறோம். கன்று பிரச்சினையே இல்லை. 2021-22இல் தொடங்கிய பசுமைப் போர்வைத் திட்டத்தில் வேளாண் துறை மூலம் கிடைத்தது. "இத்தனை வருஷம் யார் காத்திருப்பது, வெட்டும்போது யாரிடம் அலைவது?" என்பதுதான் ஆளை நிறுத்துகிறது. நியாயமான பயம்தான்.

சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உணவு எடுக்கிற மரம். ஆரம்பத்தில் துவரை, அப்புறம் சவுக்கு என்று துணை வேண்டும். அது தெரியாமல் தனியாக நட்ட கன்றுகள் இங்கே வெளிறி, முழங்கால் உயரத்திலேயே நிற்கின்றன. பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை எப்படி வரும்?

சொந்த நிலத்தில் தேக்கோ சந்தனமோ வெட்டி விற்றவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடங்கலில் (விஏஓ வைத்திருக்கும் கிராமப் பயிர்க் கணக்கில்) மரத்தை ஏற்றியது முதல் வனத்துறை அனுமதி வரை எவ்வளவு காலம் ஆனது? வியாபாரி சுற்றளவு அளந்து விலை சொன்னாரா, குத்துமதிப்பாகக் கேட்டாரா? பிளைவுட்டுக்கு மலைவேம்பு கொடுத்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இடையில் ஒரு வருமானம் காட்ட வேண்டும். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் வளர்ந்த தோப்பு வைத்திருப்பவர்கள் அனுமதித்தால், பத்துப் பேரைக் கூட்டி வருகிறோம். வண்டிச் செலவு எங்களுடையது.