கயிறு தெரிகிறது, ஆனாலும் அவள் பேய்தான்

கடைசி வரிசை:

பாழடைந்த மாளிகை, பூட்டிய மாடி அறை, ஜன்னலில் வெள்ளை உருவம். இந்த வகைப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கதையை விட்டுவிடுகிறேன். நான் சொல்லும் படத்தில் பேய் பறக்கும்போது இடுப்பில் கட்டிய கயிறு தெரியும். நெற்றியில் பொய்முடி ஒட்டிய கோடு தெரியும். இடி முதலில் கேட்கும், மின்னல் பிறகு வரும். இத்தனையும் தெரிந்துதான் ஆறு முறை பார்த்திருக்கிறேன்.

காரணம் ஒரே காட்சி. இறந்துபோன தாய் நள்ளிரவில் மகளின் அறைக்குள் வருகிறாள். பழிவாங்க வந்தவள். அவளைக் கொன்றவன் அடுத்த அறையில்தான் தூங்குகிறான். மகளின் போர்வை காலடியில் சரிந்து கிடக்கிறது. குனிந்து அதை இழுத்துவிடப் பார்க்கிறாள். கை போர்வைக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. மறுபடியும் முயல்கிறாள். மூன்றாவது முறையும் முயல்கிறாள். பிறகு கட்டிலின் அருகே வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறாள். அடுத்த காட்சியிலேயே அலறலும் கழுத்துத் திருகலும் தொடங்கிவிடும்.

பழைய முறைப்படி ஒரே பிலிமில் இரண்டு முறை படம்பிடித்திருக்கிறார்கள். முதலில் மகளும் அறையும், பிலிமைப் பின்னால் சுற்றிவிட்டு கறுப்புத் திரைக்கு முன்னால் தாய். கேமரா சற்று அசைந்துவிட்டதால் தாயின் உருவம் மட்டும் நடுங்குகிறது. தொழில் தெரிந்தவர்கள் அதைப் பிழை என்பார்கள். எனக்கு அவள் கை நடுங்குகிறது, அவ்வளவுதான். ஆறு முறையும் அழுதேன்.

நடுநிசி:

பிழைதான் அழகு என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். அந்த நடிகை தரையில் படுத்துக்கொண்ட விதம் உங்களைப் பிடித்துக்கொண்டது. கேமரா அசையாமல் இருந்திருந்தாலும் அழுதிருப்பீர்கள். நல்ல நடிப்பின் பெருமையைக் கெட்ட ஒளிப்பதிவுக்குக் கொடுக்காதீர்கள்.

என்னுடையதைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தொலைக்காட்சியில் ஓர் ஆவிப் படம். மந்திரவாதி, மெழுகுவர்த்தி, தானே திறக்கும் புத்தகம், எல்லாம் உண்டு. கதாநாயகி நாற்காலியில் உட்கார்ந்து தனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்போது அவள் தலைக்கு மேலே, திரையின் விளிம்பிலிருந்து, கறுப்பாக, உருளையாக, ரோமம் அடர்ந்த ஒன்று மெதுவாக இறங்கியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பேசி முடித்ததும் மேலே போய்விட்டது.

அந்தப் படத்தின் பேய் பிறகு வந்தது. ரப்பர் முகமூடி. அதைக் கண்டு நான் பயப்படவில்லை. மேலிருந்து இறங்கியதை நினைத்துப் பல இரவுகள் விளக்கை அணைக்காமல் படுத்தேன். அது படப்பிடிப்பில் நடிகர்களின் தலைக்கு மேலே நீட்டும் ஒலிவாங்கி என்று தெரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. தெரிந்த பிறகும், போன மாதம் அதே காட்சியைப் பார்த்தபோது முதுகு சிலிர்த்தது.

தீக்குச்சி:

நடுநிசி, பிழை அழகில்லை என்று தொடங்கிவிட்டு, படத்திலேயே உங்களை மிரட்டியது பிழை ஒன்றுதான் என்று முடித்திருக்கிறீர்கள். கடைசி வரிசையும் அதைத்தானே சொன்னார்!

அந்த ஒலிவாங்கிக்கு இயக்குநரைக் குறை சொல்லவும் வேண்டாம். பல படங்களை பிலிமின் முழு உயரத்துக்கும் எடுத்து, திரையரங்கில் மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டினார்கள். தொலைக்காட்சிக்கு வந்தபோது சில படங்களில் அந்த மறைப்பு நீங்கியது. திரையரங்கில் பார்த்தவர்கள் கண்ணில் அந்த உருளை பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

என் கதை சிறியது. சவப்பெட்டிக்குள்ளிருந்து தட்டும் ஓசை, வெளியே தனியாக ஒரு சிறுவன், அவனும் பதிலுக்குத் தட்டுகிறான். உள்ளே சில நொடிகள் அமைதி. அந்த அமைதிக்காகவே அந்தப் படத்தை மன்னித்துவிட்டேன்.

இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் தொலைக்காட்சியில் அசைவை மென்மையாக்கும் வசதியை நிறுத்துங்கள். படம் நொடிக்கு 24 சட்டங்களில் (பிரேம்களில்) ஓடுவது. இடையில் தொலைக்காட்சி தானாகச் சட்டங்களைச் செருகினால் பேய் பேயாகத் தெரியாது, ஒப்பனை போட்ட மனிதர் நடந்து போவது போலத் தெரியும். இரண்டாவது, வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். பழைய படங்களில் பல இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து இருட்டாக்கியிருக்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் மயானத்தில் வெயில் நிழல் விழுந்திருப்பது தெரிந்துவிடும். ஒலியைக் குறைக்கவே கூடாது. சிறுத்தையாக மாறும் பெண்ணைப் பற்றி 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் இருட்டுத் தெருவில் ஒரு பெண் பின்தொடரப்படுகிறாள் என்று நாம் நடுங்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். இப்படி வெறும் ஓசையால் திடுக்கிட வைக்கும் உத்திக்கே பிறகு பஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. குறைந்த செலவில் படம் எடுத்தவர்கள் அந்த இடத்தில் விலங்கைக் காட்டாமலே ஓசையால் சாதித்தார்கள். கடைசியாக, தனியாகப் பாருங்கள். கூட ஒருவர் இருந்தால் கயிற்றைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பார், நீங்களும் சிரித்துவிடுவீர்கள், பிறகு அந்தப் படம் உங்களுக்குக் கிடைக்காது.

மழைக்காலம்:

தனியாகப் பார்க்கச் சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாட்டிக்குக் கண்பார்வை போன பிறகு நான்தான் அவருக்குப் படம் சொல்வேன். மிக மட்டமான பேய்ப் படம் ஒன்று, பாட்டி கேட்டதால் போட்டேன். நான் கயிற்றைச் சொல்லவில்லை. பொய்முடியைச் சொல்லவில்லை. "காற்றில் மிதந்து வருகிறாள் பாட்டி, கால் தரையில் படவில்லை" என்றுதான் சொன்னேன். அவருக்குக் கிடைத்த படத்தில் ஒரு குறையும் இல்லை.

பாதியில் ஒரு காட்சி. கதாநாயகி அலமாரியில் கடிதம் தேடுகிறாள். சொல்ல எதுவும் இல்லாததால் நான் பேசாமல் இருந்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவளுக்குப் பின்னால் நிற்பது யார்?"

"யாரும் இல்லை பாட்டி. தனியாகத்தான் இருக்கிறாள்."

"மூச்சு கேட்கிறதே."

திரும்ப ஓட்டினேன். கேட்டது. கதாநாயகி மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் இன்னொரு மூச்சு, மெதுவாக, சீராக. கேமராவுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒருவருடையதாக இருக்கும், ஒலிப்பதிவில் விழுந்திருக்கும், எனக்கும் தெரியும். பாட்டி படம் முடியும்வரை கையை விடவில்லை. இப்போது அவர் இல்லை. அந்தக் காட்சியை மட்டும் நான் தனியாகப் பார்ப்பதில்லை.

கடைசி வரிசை:

மழைக்காலம், உங்கள் பாட்டியைப் படித்துவிட்டு நேற்று இரவு ஏழாவது முறையாக அந்தப் படத்தைப் போட்டேன். தீக்குச்சி சொன்னபடி அசைவு வசதியை நிறுத்தினேன், ஒலியைக் கூட்டினேன். மூச்சு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அந்த மூன்றாவது முயற்சியில் போர்வையின் ஓரம் ஒரு விரல் அகலம் நகர்கிறது. ஆறு முறை பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. அவள் அதைக் கவனிக்காமலே தரையில் படுத்துக்கொள்கிறாள். நூல் கட்டி இழுத்திருப்பார்கள் என்று நிறுத்தி நிறுத்தித் தேடினேன். படம் முழுக்கத் தெரியும் கயிறும் நூலும் அந்த ஓர் இடத்தில் மட்டும் தெரியவில்லை.