ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சத்தம்: இறக்கும் முன் எங்கெங்கே காது வைக்க வேண்டும்?

ஆட்டோமேட்டிக் வண்டியில் சத்தம் என்றாலே "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். இறக்கி ஏற்றும் கூலி, ஆயில், சீல் என்று பெரும் பணம் போன பிறகும் அதே சத்தம் வீடு வரைக்கும் கூடவே வரும். ஸ்பானரை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது? இன்ஜின் சுற்றோடா, வண்டி வேகத்தோடா, கியரோடா?

வண்டியை 'பி'யில் (பார்க்) நிறுத்தி ஆக்சிலரேட்டரை மெதுவாக 2000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். ஊளை கூடவே ஏறினால், இன்ஜினோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். கியர்பாக்ஸின் ஆயில் பம்பாக இருக்கலாம். ஆல்டர்னேட்டர் பியரிங்கோ பவர் ஸ்டியரிங் பம்போ ஆகவும் இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கியர்பாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்றால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஓடும்போது மட்டும் வந்து, வேகத்தோடு ஏறும் 'ம்ம்ம்' சத்தத்துக்கு முதல் சந்தேகம் வீல் பியரிங், டயர் மேல்தான் வர வேண்டும். காலியான ரோட்டில் லேசாக இடது பக்கம் வளைத்தால் பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பியரிங். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தத்தின் குரலே மாறினால் அது டயர். இரண்டும் இல்லை, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளை வேறு வேறாகக் கேட்கிறது என்றால்தான் சக்கரங்களுக்குச் சுழற்சி போகும் கடைசிக் கட்டமான ஃபைனல் டிரைவ் பல்சக்கரத்தைச் சந்தேகப்படலாம்.

மூன்றாவது வகை, சில கியரில் மட்டும் வருவது. பழைய நாலு கியர் பாக்ஸ்கள் பலவற்றில் மூன்றாவது கியர் நேர் 1:1, அதாவது உள்ளே போகும் சுற்றும் வெளியே வரும் சுற்றும் சமம். அதில் பிளானட்டரி செட் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) முழுவதும் பூட்டிக்கொண்டு ஒரே கட்டையாகச் சுற்றும். பல்லோடு பல் உரசவே உரசாது. ஒன்றிலும் இரண்டிலும் ஊளையிட்டு மூன்றில் அமைதியானால் பிளானட்டரியில்தான் தேய்மானம். இந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஆறு கியர் பாக்ஸ்கள் பலவற்றில் 1:1 கியரே கிடையாது, நான்காவது 1.14, ஐந்தாவது 0.87 என்று தாண்டிப் போய்விடும்.

–––

மேலே எழுதின அண்ணன் சொன்னதோட டார்க் கன்வர்ட்டரையும், அதாவது இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகத்தையும், சேர்த்துக்கணும். பம்ப் சத்தம் 'பி', 'என்' (நியூட்ரல்), 'டி' (டிரைவ்) எல்லாத்துலயும் வரும். கன்வர்ட்டர் உள்ளே இருக்கிற த்ரஸ்ட் பியரிங் போயிருந்தா, 'என்'ல சத்தமே இருக்காது; 'டி'ல போட்டு பிரேக் மிதிச்சு நிக்கும்போதுதான் கரகரன்னு வரும். காரணம் இதுதான்: 'டி'ல வண்டி நிக்கும்போது கன்வர்ட்டர் உள்ள கியர்பாக்ஸைச் சுத்துற டர்பைன் சக்கரம் நின்னுடும், வெளிக்கூடு மட்டும் இன்ஜினோட சுத்தும், நடுவுல இருக்கிற பியரிங் அரைபடும். 'என்'ல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா சுத்துறதால பியரிங்குக்கு வேலையே இல்லை. இந்தச் சோதனைக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னாடியும் பின்னாடியும் ஆள் இல்லைன்னு பார்த்துக்குங்க. ஆக்சிலரேட்டர் தொட்டா 5 செகண்டுக்கு மேல வேண்டாம், கன்வர்ட்டர்ல ஆயில் கொதிச்சுடும்.

இன்னொண்ணு, இன்ஜின் கிராங்கையும் கன்வர்ட்டரையும் இணைக்கிற மெல்லிய தட்டு, அதாவது ஃபிளெக்ஸ் பிளேட் வெடிப்பு. பல பேரை ஏமாத்துறது இதுதான். ஐடிலிங்ல 'டக் டக் டக்'னு கேக்கும், கனெக்டிங் ராடு பியரிங் போச்சுன்னு இன்ஜினையே பிரிச்சுடுவாங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சிலிண்டரா இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழட்டிப் பாருங்க. ராடு பியரிங்னா அந்தச் சிலிண்டரை நிறுத்தினதும் தட்டு குறையும். ஃபிளெக்ஸ் பிளேட்னா எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் பெரிசா மாறாது, ஆனா 'என்'ல இருந்து 'டி'க்குப் போட்டதும் தட்டோட குரல் மாறும்.

கன்வர்ட்டரை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் கூட்டோட அடியில இருக்கிற சின்ன மூடியைக் கழட்டி டார்ச் அடிங்க. இன்ஜினை நிறுத்திட்டு, ஒருத்தர் கிராங்க் புல்லியை ஸ்பானரால கொஞ்சம் கொஞ்சமா திருப்பணும். கிராங்க் போல்ட்டுகளைச் சுத்தி வட்டமா, தலைமுடி கணக்கா ஒரு கோடு தெரியும். கோடு கண்ணுல படலேன்னாலும் அந்த இடத்துல செங்கல்பொடி நிறத்துல துருத்தூள் படிஞ்சிருந்தா போதும், வெடிப்பு அங்கதான். கன்வர்ட்டர் போல்ட் ஒண்ணு லூஸா இருந்தாலும் இதே சத்தம்தான் வரும், அதனால முதல்ல போல்ட்டை எல்லாம் டைட் பண்ணிப் பாருங்க.

புது பிளேட் போட்டும் சீக்கிரமே வெடிச்சா, பெல் ஹவுசிங்ல, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரா உக்கார வைக்கிற டவல் பின் விட்டுப்போயிருக்கான்னு பாருங்க. கன்வர்ட்டரை மாட்டும்போது சுத்திச் சுத்தித் தள்ளணும். 'டொக்', 'டொக்'னு படிப்படியா உள்ள இறங்கும். முழுசா இறங்கினா, கியர்பாக்ஸை இன்ஜினோட சேர்த்த பிறகு கன்வர்ட்டருக்கும் பிளேட்டுக்கும் நடுவுல வழக்கமா 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இடைவெளியே இல்லாம போல்ட் போட்டு இழுத்தா பம்ப் கியர் உடைஞ்சுடும். அப்புறம் கேக்குறதுதான் நிஜமான ஊளை.

–––

ஆயில் மாற்றிய மறுநாளே ஊளை ஆரம்பித்தால் பம்ப் மேல் பழி போடாதீர்கள். ஃபில்டர் கழுத்தில் இருக்கும் சின்ன சீலைப் பாருங்கள். பழைய சீல் துவாரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை அமுக்கியிருப்பார்கள். அல்லது மாட்டும்போது மடங்கிப் போயிருக்கும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் நுரை நுரையாக நிற்கும். ஆயில் அளவு அதிகமானாலும் நுரைதான்: சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்துவிடும். அளவு குறைந்தாலும் காற்றுதான் உள்ளே போகும்.

அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. டிப்ஸ்டிக் உள்ள பல வண்டிகளில் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, எல்லா கியரையும் ஒரு சுற்று போட்டுவிட்டு 'பி'யில் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் டிப்ஸ்டிக் வண்டிகளில் சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத டயோட்டா பாக்ஸ்களில் அடியில் வழிவுத் துளை இருக்கும். ஆயில் 40 டிகிரியை ஒட்டியிருக்கும்போது, இன்ஜின் ஓட்டத்தில், சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு சரி. 70 டிகிரியில் திறந்தால் விரிந்த ஆயில் கொட்டோகொட்டென்று கொட்டும். அதிகம் என்று நினைத்து அப்படியே வடியவிட்டால் ஆறின பிறகு குறைவாகிவிடும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. அது கிளட்ச் தட்டுகளின் ஒட்டுப் பசையையே கரைக்கும்.

–––

60, 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசான ஆக்சிலரேட்டரில், வேகத்தடைக் கோடுகள் மேல் போவது போல ஓரிரு நொடி 'டர்ர்ர்' என்று வருகிறதா? வேகத்தைக் குறைக்காமல் இடது காலால் பிரேக்கை, பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். தொட்டதும் அதிர்வு நின்றால் கன்வர்ட்டர் லாக்கப் கிளட்ச் (ஓட்டத்தில் கன்வர்ட்டரை நேராகப் பூட்டும் கிளட்ச்) வழுக்குகிறது. நிற்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். லாக்கப் என்றால் முதலில் ஆயில் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. ஒரு தடவை வடித்தால் சுமார் பாதிதான் வரும். மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கும். அதனால் நடுவில் ஓட்டி, இரண்டு மூன்று தடவை வடிக்க வேண்டும்.

–––

ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸிலேயே கியரைத் தானாக மாற்றும்) வண்டிகள் சிலவற்றில் டிரைவர் கதவைத் திறந்ததும் 'ழீங்' என்று வரும். அது பழுது இல்லை. ஹைட்ராலிக் பம்ப் பிரஷர் ஏற்றுகிறது. கியரே மாற்றாமல் சும்மா நிற்கும்போது சில நொடிக்கு ஒரு தரம் ஓடினால்தான் பிரஷரைச் சேமிக்கும் அக்குமுலேட்டர் போயிருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது.

சிவிடியில் (பல்சக்கர கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள பாக்ஸ்) ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது இன்ஜின் ஒரே சுற்றில் இரைவது இயல்பு. வண்டி வேகத்தோடு ஏறும் கூரிய ஊளை புல்லி பியரிங். சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றிய சிவிடியில் பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேயும். அந்தந்த கம்பெனி சொன்ன சிவிடி ஆயில் மட்டும்தான்.

–––

பின் சக்கர டிரைவ் வண்டியில் 'பி'யிலிருந்து 'டி', 'டி'யிலிருந்து 'ஆர்' (ரிவர்ஸ்) போடும்போது 'டங்' என்று விழுந்தால், முதலில் பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகி அதன் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். அடுத்து இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர். ஐடிலிங் 1000-க்கு மேல் இருந்தாலும் இப்படித்தான் விழும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைசியாக, கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டான பான். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் மை மாதிரி வழுக்கினால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் குத்தும் துணுக்கும், காந்தத்தில் ஒட்டாத பித்தளை நிறச் செதிலும் இருந்தால் பியரிங்கோ புஷ்ஷோ போய்விட்டது, அப்போது தாராளமாக இறக்கலாம். ஆனால் ஆயில் கூலரையும் அதன் பைப்புகளையும் கழுவாமல் புது பாக்ஸை ஏற்றிவிடாதீர்கள். பழைய பாக்ஸின் துணுக்கு அங்கேதான் தங்கியிருக்கும். ஆயிலோடு திரும்பிப் புது பாக்ஸுக்குள்ளேயே வந்துவிடும். கூலருக்குள் மடிப்புத் தகடுகள் இருந்தால் கழுவினாலும் துணுக்கு போகாது, கூலரையே மாற்றிவிடுங்கள்.