ஹெம்ப் செடியிலிருந்து பெறப்படும் சிபிடி, சிபிஎன், டெல்டா-8, எச்எச்சி: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வசிக்கும் என் அக்கா, தூக்கம் வராததால் ஹெம்ப் செடியிலிருந்து பெறப்பட்டவை என்று அச்சிடப்பட்ட நான்கு பொருட்களை வாங்கியிருக்கிறார். அவற்றில் முறையே சிபிடி, சிபிஎன், டெல்டா-8, எச்எச்சி என்று எழுதியிருக்கிறது. ஒரே செடியிலிருந்து வருவதால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அக்கா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் என்பதால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இவற்றின் வேறுபாட்டை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கடைக்காரர் சொன்னது தவறு. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியில் போதை தரும் டெல்டா-9 டிஎச்சி மிகக் குறைவாக உள்ள வகை. அதில் மிகுதியாகக் கிடைப்பது சிபிடி. டிஎச்சி பற்றிக்கொண்டு போதை உண்டாக்கும் மூளையின் சிபி1 ஏற்பியை சிபிடி நேரடியாகத் தூண்டுவதில்லை என்பதால் போதை தருவதில்லை. டிஎச்சி நாள்பட்டுச் சிதையும்போது உருவாவது சிபிஎன். அதன் வீரியம் டிஎச்சியைவிட மிகக் குறைவு. தூக்கத்துக்கு உகந்தது என்று அது பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்டாலும், அதற்கான சான்றுகள் மெலிந்தவையே.

டெல்டா-8 டிஎச்சியின் கதை வேறு. செடியில் அது மிகச் சிறிதளவே இருப்பதால், கடைகளில் விற்பது பெரும்பாலும் சிபிடியை அமிலத்துடன் வினைபுரியச் செய்து தயாரித்ததாகும். டெல்டா-9 டிஎச்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மூலக்கூற்றில் ஓர் இரட்டைப் பிணைப்பு இடம் மாறியிருப்பது மட்டுமே. வீரியம் சற்றுக் குறைந்தாலும் போதை போதைதான். அந்த இரட்டைப் பிணைப்பையே ஹைட்ரஜனேற்றத்தால் நீக்கினால் கிடைப்பது எச்எச்சி. எச்எச்சியில் ஒரே ஓர் இடத்தின் அமைவில் வேறுபடும் இரு வடிவங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று ஏற்பியை வலுவாகப் பற்றும், மற்றது மிகக் குறைவாகவே பற்றும். இரண்டும் எந்த விகிதத்தில் உள்ளன என்பது தயாரிப்பு முறையைப் பொறுத்தது என்பதால், ஒரே அளவு எச்எச்சி என்று அச்சிட்ட இரு புட்டிகள் ஒரே விளைவைத் தரும் என்று நம்ப இயலாது. என்னைப் பொறுத்தவரை இதுவே மிகவும் கவலைக்குரிய செய்தி.

மறுமொழி 2:
நான் மருந்தாளுநர். உங்கள் அக்காவுக்கு உடனடி ஆபத்து, போதை தராத சிபிடியிலேயே இருக்கிறது. வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி தடுக்கக்கூடும்; அதனால் வார்ஃபரினின் விளைவு கூடி இரத்தக்கசிவு ஏற்படலாம். அவர் ஏற்கனவே உட்கொண்டிருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை விரைவில் செய்துகொள்வது அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றே அவரிடம் பேசுகிறேன். ஆனால் சட்டப்படி விற்கப்படும் பொருளை யாரேனும் சோதித்திருக்க மாட்டார்களா?

மறுமொழி 3:
அப்படி எண்ணுவது இயல்பு, ஆனால் சட்டம் அப்படி அமையவில்லை. 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்கு மேல் இல்லாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று வரையறுத்தது. டெல்டா-9 மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டதால், டெல்டா-8, எச்எச்சி போன்ற மற்றவை அந்த இடைவெளியில் சந்தைக்கு வந்தன. அவை பாதுகாப்பானவை என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. டெல்டா-8 பொருட்களைத் தான் மதிப்பிடவோ அங்கீகரிக்கவோ இல்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. பல மாநிலங்கள் தனித்தனியே தடையும் விதித்துள்ளன.

ஆய்வக அறிக்கை இருந்தால், அதிலுள்ள தொகுதி எண் புட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, எஞ்சிய கரைப்பான்களும் கன உலோகங்களும் சோதிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்; கன்னபினாய்டு (சிபிடி, டிஎச்சி போன்ற சேர்மங்களின் பொதுப்பெயர்) அளவை மட்டும் காட்டும் அறிக்கை பாதி அறிக்கைதான். இன்னொன்று: அக்காவின் பணியிடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு என்றால், டெல்டா-8 உட்கொண்டவருக்கும் கஞ்சா பயன்படுத்தியவர் என்றே முடிவு வரக்கூடும்.