கேசட்டில் பேசி அனுப்பிய கடிதங்களைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

ஈசூன் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், தஞ்சை மாவட்டத்தில் இருந்த எங்கள் பாட்டிக்கும் அவருக்கும் இடையே போய்வந்தவை பெரும்பாலும் கேசட்டில் பேசிப் பதிந்த கடிதங்களே. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே ஊருக்குப் போகும் யாரேனும் ஒருவரிடம் அப்பா ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்புவார். அவர் திரும்பி வரும்போது அதன் மறுபக்கத்தில் நெல் விலை, கோயில் திருவிழா, யார் வீட்டில் என்ன விசேஷம் என்ற செய்திகளோடு எனக்கான தாலாட்டும் பதிவாகி வரும். அந்தக் கேசட்டுகள் இன்றும் ஒரு பெட்டி நிறைய எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சேமிப்பறையில் இருக்கின்றன.

சிலவற்றில் நாடாவின் ஓரத்தில் வெண்மையாகப் பொடி படிந்திருக்கிறது. ஒன்றில் நாடா அறுந்துள்ளது. வீட்டிலிருக்கும் பழைய டூ-இன்-ஒன் (வானொலியும் கேசட்டும் சேர்ந்த கருவி) ஓடவில்லை. இணையத்தில் மலிவாக விற்கும் யூஎஸ்பி கேசட் கருவியை வாங்கி மடிக்கணினியில் செருகினால் போதுமா, அல்லது கடையில் கொடுத்து மாற்றுவது நல்லதா? பாட்டி, அப்பா இருவருமே இப்போது இல்லை என்பதால் இந்தக் குரல்கள் எனக்கு வேறெங்கும் கிடைக்காதவை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தோ பாயோ வாசகர்

வணக்கம், சகோதரி. சரியான கருவி கைக்கு வரும்வரை இவற்றில் எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். இவ்வளவு பழைய நாடா எத்தனை முறை நன்றாக ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே முதல் ஓட்டமே பதிவு ஓட்டமாக இருக்க வேண்டும். கருவியைச் சோதிக்க, இழந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் பயன்படுத்துங்கள்.

மலிவான யூஎஸ்பி கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற சீரான வேகத்தில் நகர வேண்டும். அந்தச் சிறு கருவிகளின் மோட்டார் அதைச் சீராகக் காப்பதில்லை என்பதால், நீட்டிப் பாடும் தாலாட்டில் சுருதி அலைவது உடனே காதில் படும். எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ வந்த, நல்ல நிலையில் உள்ள ஜப்பானிய டேப் டெக் (ஒலிபெருக்கியோடு இணைத்துக் கேட்கும் கேசட் கருவி) ஒன்றைத் தேடுங்கள். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது கரோசெல் போன்ற செயலிகளில்தான் இவற்றைத் தேட வேண்டியுள்ளது. உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தளர்ந்தோ பிசினாக உருகியோ போயிருக்கும். அதற்குச் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். நாடாவைப் படிக்கும் ஹெட், அதை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டு ஆகியவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பழுப்புக் கறை வராத வரை துடைக்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஹெட்டின் கோணம். இதை அசிமத் என்பார்கள். நாடாவுக்கு ஹெட் மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆனால் ஊரில் பாட்டி பேசிய டேப் ரெக்கார்டரில் அது சற்றுச் சாய்ந்து இருந்திருந்தால், அதே சாய்வு உங்கள் டெக்கிலும் அமையும்போதுதான் குரல் தெளிவாகக் கேட்கும். அமையாவிட்டால், கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாக ஒலிக்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பி, 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். அப்பா இங்கே பதிந்த பக்கத்துக்கும் பாட்டி அங்கே பதிந்த பக்கத்துக்கும் இந்தக் கோணம் வேறுபடக்கூடும் என்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள். பதிவிலேயே மந்தமாகிப் போன குரலைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

பிடோக் வாசகர்

மேலே ஐயா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். வெண்பொடியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்: அது பெரும்பாலும் பூஞ்சணம். நம் ஊரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், மூடிக் கிடக்கும் சேமிப்பறையில் அது வளர்வதில் வியப்பில்லை. அந்தக் கேசட்டுகளை உடனே தனிப் பைகளில் இட்டு மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பூஞ்சண வித்துகள் மூச்சுக்கு நல்லவை அல்ல. கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம். ஒளிப்படக் கலைஞர்கள் கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டி கிடைத்தால் அதிலும், இல்லையேல் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவிலும் வைத்து நன்கு உலர்த்துங்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் துடைத்து எடுப்பது எளிது. ஈரத்தோடு துடைத்தால் அது நாடா முழுவதும் பரவிவிடும்.

அறுந்த நாடாவை ஒட்டச் சாதாரண செலோ டேப்பைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அதன் பசை வெப்பத்தில் கசிந்து அடுத்த சுற்றுகளிலும் ஹெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே உள்ள ஒட்டு நாடாவை, ஒலி பதியாத பின்பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். கேசட் கூடு திருகாணியால் மூடியதாக இருந்தால் நாடாவை எடுத்து நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்துவிட்ட கேசட்டுகளுக்கும் இதுவே தீர்வு. உறையில் 120 நிமிடம் என்று அச்சிட்டிருந்தால் இரட்டைக் கவனம் தேவை. அந்த நாடா மிக மெல்லியது. எளிதில் நீளும், சிக்கும்.

ஜூரோங் வெஸ்ட் வாசகி

கணினிப் பக்கத்தை நான் சொல்கிறேன், அக்கா. மடிக்கணினியின் ஒற்றைத் துளையில் ஒலி உள்ளே போகும் வழி பெரும்பாலும் மைக்குக்கானது. டெக்கின் வெளியீட்டை அதில் செருகினால் ஒலி சிதையும். டெக்கின் லைன் அவுட் என்ற ஒலி வெளியீட்டை ஒரு சிறிய யூஎஸ்பி ஒலி இடைமுகக் கருவி வழியாகக் கணினியோடு இணையுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பு வடிவில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் ஆகும். ஒலி மிக உயரும் இடத்திலும் அளவுகோல் கழித்தல் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்து, ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள். டெக்கில் டோல்பி என்ற இரைச்சல் குறைப்புப் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். சாதாரண டூ-இன்-ஒன்களில் டோல்பி இருந்ததில்லை, அதை இயக்கினால் குரலின் கூர்மைதான் குறையும்.

இரைச்சல் நீக்கும் வசதியை முதல் பதிவில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பின்னணியில் கேட்கும் காக்கைச் சத்தமும் தெருவில் போகும் வண்டியின் மணியும் பாட்டி இருந்த வீட்டின் ஒலிகள். மென்பொருளுக்கு அவை வெறும் இரைச்சலாகத்தான் தெரியும்.

பேட்டரி தளர்ந்த நிலையில் பதிந்த கேசட், சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் கீச்சென்று வேகமாக ஒலிக்கும். மின்சாரத்தில் இயங்கிய கருவியானால் அதன் மெல்லிய ரீங்காரமும் சில சமயம் நாடாவில் பதிந்திருக்கும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த ரீங்காரம் 53 ஹெர்ட்ஸில் தென்பட்டால், நகலின் வேகத்தைச் சுமார் 6 விழுக்காடு குறைக்கலாம். உங்கள் டெக்கின் ரீங்காரம் எப்போதும் சரியாக 50இல் நிற்கும். அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஈசூன் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூஞ்சணம் பிடித்தவற்றை இன்றே பிரித்து வைத்துவிட்டேன். கடையில் கொடுப்பது பற்றியும், மாற்றி முடித்த பிறகு மூலக் கேசட்டுகளை வைத்திருக்க வேண்டுமா என்பது பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தோ பாயோ வாசகர்

அறுந்ததையும் பூஞ்சணம் கடுமையாக உள்ளவற்றையும் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும் முன், ஒவ்வொரு பக்கத்துக்கும் அசிமத் சரிசெய்வார்களா, எம்பி3 மட்டுமன்றித் திருத்தப்படாத வேவ் கோப்பும் தருவார்களா என்று கேளுங்கள். இரண்டில் எதற்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறிடம் பாருங்கள்.

மூலக் கேசட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். இன்னும் நல்ல டெக் அமைந்தால் மீண்டும் பதிய நேரலாம். பின்பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிட்டால் யாரும் தவறிப்போய் மேலெழுதிவிட முடியாது. கோப்புகளை இரண்டு வெவ்வேறு வட்டுகளிலும், மூன்றாவது படியை வேறு வீட்டில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். முக்கியமாக, கேசட்டில் பேசும் ஒவ்வொருவரும் யார், எந்த ஊர், எந்த ஆண்டு வாக்கில் என்பதை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களோடு அமர்ந்து கேட்டு, கோப்போடு எழுதி வையுங்கள். உங்கள் தாயாரோ அத்தையோ இருந்தால் இந்த வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை மெருகேற்ற இன்னும் பத்து ஆண்டுகள் கழித்தும் முடியும்.