சானாவுக்குப் போகும் அப்பாவுக்குத் தண்ணீர் எவ்வளவு கொடுப்பது?

பின்லாந்தில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு உதவி. ஊரிலிருந்து தம்பெரேவுக்கு வந்திருக்கும் அப்பாவுக்கு எங்கள் குடியிருப்புச் சானா (சூடான அறையில் மேலும் கீழுமாக இருக்கும் பலகைகளில் உட்கார்ந்து வியர்க்கும் குளியல்) ரொம்பப் பிடித்துவிட்டது. வாராவாரம் போகணும் என்கிறார். வயது 67. பிபிக்கு எடுக்கும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகமாக வெளியேற்றுவது. அதுதான் என் கவலை.

உள்ளே 80 டிகிரி சூடு. அங்கிருக்கும் சூடான கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி ஆவி எழுந்ததும் நெற்றி, முதுகு, முழங்கை எல்லாம் வியர்த்து வழியும். கால் மணி நேரத்தில் அரை லிட்டர்கூடப் போகலாம். போன வாரம் மேல்பலகையிலிருந்து இறங்கியவர், தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் நீட்டினால் "தாகமே இல்லப்பா" என்கிறார். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது என்பதால் அதை நம்பி விட்டுவிட எனக்கு மனசில்லை.

டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், அதுவரை சானா கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகக் கொடுக்கும் பீருக்கும் தடை போட்டாச்சு. மதுவும் உடம்பின் நீரை இழுத்துவிடும், மயக்கமும் வரும்.

இதே மாதிரி மாத்திரை எடுக்கும் பெற்றோரைச் சானாவுக்குக் கூட்டிப்போனவர்கள் இருக்கிறீர்களா? முன்னும் பின்னும் எவ்வளவு தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்? உப்பு போட்ட மோர் அவருக்கு இஷ்டம், ஆனால் பிபிக்கு அந்த உப்பு ஆகுமா? கீழ்ப்பலகையில் கொஞ்ச நேரம் மட்டும் உட்காரவைத்தால் போதுமா? டாக்டரிடம் வேறு என்ன கேட்கணும் என்றும் சொல்லுங்கள்.