எம்-புக்கில் ஏறிய கூடுதல் வேலைக்கு வேலை உத்தரவு இல்லை: பில் வாங்க வழி உண்டா?

கேள்வி – வடிகால்225

பேரூராட்சி ஒன்றில் மழைநீர் வடிகால் பணி. ஒப்பந்தத்தில் 180 மீட்டர். வேலை நடக்கும்போதே தெருக்கோடி வரை இன்னும் 45 மீட்டரும், மதிப்பீட்டிலேயே இல்லாத இரண்டு சிறு பாலங்களும் கட்டச் சொல்லிவிட்டார் பொறியாளர். எல்லாம் வாய்மொழிதான். எம்-புக்கில் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அலுவலகப் புத்தகம்) அளவுகள் ஏறியிருக்கின்றன. 2023 ஜூனில் வேலை முடிந்து, 180 மீட்டருக்கான பணம் வந்துவிட்டது. மீதி சுமார் 7 லட்சம் நிற்கிறது. புதிய செயல் அலுவலர், "நிர்வாக அனுமதியும் மன்றத் தீர்மானமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் என் தலையில் விழும்" என்கிறார். ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவில் (இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்பது) வழக்குப் போடலாமா? நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் போனால் என்ன?

அளவுப்புத்தகம்

செயல் அலுவலர் சொல்வது சாக்கு அல்ல, தணிக்கைத் தடை நிஜமாகவே வரும். அதனால் அவர் கையெழுத்துப் போடக்கூடிய கோப்பாக முதலில் ஆக்குங்கள்.

45 மீட்டரையும் பாலங்களையும் ஒரே கோரிக்கையாகக் கலக்காதீர்கள். 45 மீட்டர் என்பது ஒப்பந்தத்தில் உள்ள அதே அயிட்டங்களின் அளவு கூடியது. விலை ஏற்கெனவே இருக்கிறது, திருத்திய மதிப்பீடு போதும். பாலம் புது அயிட்டம். விலைப்பட்டியலை வைத்து ரேட் கட்ட வேண்டும், அதற்குத் தொழில்நுட்ப அனுமதி தனி. பாலத்தால் 45 மீட்டரும் சேர்ந்து முடங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அடுத்தது ஆர்.டி.ஐ. மனு, 10 ரூபாய். எம்-புக் பக்கங்கள், கோப்புக் குறிப்புகள், அந்தத் தெரு பற்றிய மன்றத் தீர்மானங்கள் என எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எம்-புக்கில் மேலதிகாரியின் செக் மெஷர்மென்ட் (அளவைச் சரிபார்த்ததற்கான) கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் மண்ணுக்குள் போன அடித்தளக் கான்கிரீட்டின் கனத்தையும் கம்பியையும் நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் விழும். கான்கிரீட் போடுமுன் எடுத்த படங்கள், கம்பி, சிமென்ட் பில்கள், ரெடிமிக்ஸ் டெலிவரி சலான் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள்.

ஒப்பந்த_வழக்கு

70-ஆம் பிரிவு என்றதும் எல்லோரும் மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் (1962) தீர்ப்பை நீட்டுவார்கள். அங்கே முறைப்படியான ஒப்பந்தமே கிடையாது. உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் உள்ள விஷயத்தில் 70 வராது என்று எம்.டி.என்.எல். எதிர் டாடா கம்யூனிகேஷன்ஸ் (2019) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 45 மீட்டரை ஒப்பந்தத்தின் கீழேயே கேளுங்கள். 70-ஐ மாற்றுக் கோரிக்கையாக, முக்கியமாகப் பாலங்களுக்கு, வையுங்கள். "எழுத்துமூல உத்தரவு இல்லாத கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை" என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எதிர்த்தரப்பின் முதல் வாதம் அதுதான். டெண்டர் விடாத வேலை என்று 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் காட்டுவார்கள்.

காலக்கெடு இன்னும் அவசரம். பணம் தரும் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டு. அதாவது 2026 ஜூன். 180 மீட்டருக்கு வந்த பணம் அந்தக் கடனுக்கு வந்தது, கூடுதல் வேலையின் கெடுவை அது நீட்டும் என்று நம்பியிருக்க வேண்டாம். கெடு முடியுமுன் "கூடுதல் பணி நடந்துள்ளது, அனுமதிக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று அலுவலகத்திலிருந்து கையொப்பமிட்ட கடிதம் வந்தால், காலவரையறைச் சட்டம் 18-ஆம் பிரிவில் அந்தத் தேதியிலிருந்து புதுக் கெடு கேட்கலாம். பணம் தர மறுத்து எழுதியிருந்தாலும் கடனை ஒப்புக்கொண்டிருந்தால் போதும்.

ரிட் எனக்கு நம்பிக்கை தரவில்லை. அளவையும் தொகையையும் அலுவலகம் மறுத்தால் "சிவில் கோர்ட்டுக்குப் போ" என்பார்கள். ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் முடக்கினால் அது வேறு.

கரைமேடு

வழக்கறிஞர்களே சறுக்கும் இடம் ஒன்று. கட்டுமான ஒப்பந்தத் தகராறு, மதிப்பு 3 லட்சத்துக்கு மேல் என்றால் அது வணிக நீதிமன்ற வழக்கு. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில் வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஏ பிரிவின்படி, வழக்குப் போடுமுன் சமரச முயற்சி கட்டாயம். அதைத் தாண்டிப் போட்டால் வழக்குரை தள்ளுபடி (பாட்டீல் ஆட்டோமேஷன், 2022). மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். சமரசத்தில் போகும் நாட்கள் காலக்கெடுவில் சேராது. அரசையும் பிரதிவாதியாக்கினால், வழக்குக்கு முன் அனுப்ப வேண்டிய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவு நோட்டீஸுக்கு 2 மாதம் தனி. அந்த நோட்டீஸிலேயே வட்டியையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வட்டி பற்றி ஒன்றும் இல்லாவிட்டால், நோட்டீஸ் தேதியிலிருந்துதான் வட்டிச் சட்டம் (1978) கைகொடுக்கும்.

வடிகால்225

கடைசி பில்லில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற அச்சு வரிக்குக் கீழே கையெழுத்து இருக்கிறது. அது கெடுக்குமா?

ஒப்பந்த_வழக்கு

கெடுக்கப் பார்ப்பார்கள். அழுத்தத்தில் வாங்கிய கையெழுத்து கட்டுப்படுத்தாது என்று போகாரா பாலிஃபேப் (2009) தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அழுத்தத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட சில நாட்களுக்குள் கூடுதல் பில்லைக் கேட்டு எழுதிய கடிதம், அதற்கான தபால் ஒப்புகை இருக்கிறதா? இருந்தால் அதுதான் உங்கள் முதல் சான்றாவணம்.