தரம் 2: ஆளுக்கொரு விதமாக வாசிக்கும் 34 பிள்ளைகள்

கேள்வி (கொழும்பு வெள்ளவத்தை ரீச்சர்): தமிழ்மொழி மூல வகுப்பு. சிலர் பாடநூலைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள். சிலர் பக்கத்தைப் பாடமாக்கிவிட்டு விரலை மட்டும் ஓட்டுகிறார்கள். சிலருக்குக் குற்று வைத்த எழுத்திலேயே (க், ம் போன்றவை) தடுமாற்றம். நாளுக்கு அரை மணித்தியாலம்தான் கிடைக்கும். ஒவ்வொருவரையும் தனியாகக் கவனிக்க எங்கே தொடங்குவது?

பதில் 1: பாடநூலில் இல்லாத 50 சொற்கள் கொண்ட பந்தி ஒன்றை நீங்களே எழுதுங்கள், அதில் மனப்பாடம் உதவாது. ‘மரத்திலிருந்து’ போன்ற நீண்ட சொற்கள் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம், நாளுக்கு 6 பேர் என்றால் ஆறு பள்ளி நாட்களில் முடியும். பிழை 2க்குள் என்றால் அந்தத் தரத்துப் புத்தகத்தைத் தனியே கொடுக்கலாம். 3 முதல் 5 வரை என்றால் கூட இருந்து படிப்பிக்கப் பொருத்தம். அதற்கு மேலென்றால் பந்தி பாரம், இலகுவானதைக் கொடுங்கள். பிள்ளை தானே திருத்திக்கொண்டதைப் பிழையாக எண்ண வேண்டாம். எதை என்னவென்று வாசித்தது என்பதை அப்படியே கொப்பியில் குறியுங்கள். புள்ளியைவிட அதுதான் பெறுமதி.

பதில் 2: அந்தக் குறிப்பை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரே அளவு பிழை விட்ட இரண்டு பிள்ளைகளுக்கு வேண்டியது வேறுவேறாக இருக்கும்.

‘படம்’ என்பதை ‘ப-ட-இம்’ என்று வாசித்தால், எழுத்தின் பெயரை ஒலியாக எடுத்திருக்கிறது. ‘பட’ என்று நீட்டி, உதட்டை மூடி ‘ம்’மில் முடிக்கப் பழக்குங்கள்.

‘கொடி’யைக் ‘கெ…’ என்று தொடங்கி நின்றால், கொம்பைக் (ெ) கண்டவுடன் வாய் முந்திவிடுகிறது. அரவு (ா) பிறகுதான் கண்ணில் படுகிறது. பிரிஸ்டல் போட் அட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, கொம்பும் எழுத்தும் அரவும் சேர்ந்து தெரியும்படி வையுங்கள். கெ-கொ, செ-சொ, தெ-தொ என்று சோடியாக ஐந்து நிமிடம் போதும்.

உகர வரிசையில்தான் அதிகம் பேர் தடக்குகிறார்கள், ஏனென்றால் குறி ஒரே வடிவமில்லை. க, ங, ச என்று போகாமல் வடிவத்தால் சேருங்கள்: கு டு மு ரு ழு ளு ஒரு நாள், சு பு யு வு இன்னொரு நாள், து நு லு ணு னு று கடைசியாக.

பதில் 3: குழுவுக்கு ஐந்தாறு பேர், மூன்று கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிரந்தரமாக்கினால் ‘மெதுவான குழு’ என்ற பெயர் பிள்ளையில் ஒட்டிவிடும். கொழும்பில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வீட்டில் சிங்களமோ ஆங்கிலமோ பேசும் பிள்ளை எழுத்தைச் சரியாக வாசித்துவிட்டு, ‘என்ன நடந்தது?’ என்றால் விழிக்கும். அதற்கு எழுத்துப் பயிற்சி வேண்டியதில்லை. வாசிக்க முன்பே ஐந்து சொற்களைப் படத்தோடு பேசவிடுங்கள்.